ஓடிபி பார்த்துவிட்டு வந்தால் படிவம் இருக்க வேண்டும்

எந்த பிரவுசர் நல்லது என்று யாராவது கேட்டால் நான் வேகத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஓடிபி பார்க்க வெளியே போய்விட்டு வந்தால், நிரப்பிய படிவம் அப்படியே இருக்கிறதா? அதை மட்டும்தான் பார்ப்பேன்.

போன வாரம் பெரியம்மா கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பேரனின் உதவித்தொகை விண்ணப்பம். கையில் 2 ஜிபி ரேம் உள்ள பழைய போன். தேயிலைக் கறை ஏறிய விரலால் சான்றிதழ் எண், வங்கிக் கணக்கு எண் என்று ஒவ்வொன்றாக அவரே தட்டினார். ஓடிபி வந்தது. மெசேஜைத் திறந்து, ஆறு எண்ணையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரும்பி வந்தார். திரை ஒரு நொடி வெள்ளையாக நின்றது. அப்புறம் அதே படிவம், முழுக்கக் காலியாக.

"மறுபடியும் மொதல்ல இருந்தா கண்ணு?" என்றார். வெளியே மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கி சிக்னலும் ஒரு கோடாகிவிட்டது.

அவர் எதையும் தப்பாக அழுத்தவில்லை. ரேம் போதாமல் போனால், பின்னால் கிடக்கும் ஆப்களை ஆண்ட்ராய்டு தானாகவே மூடிவிடும். மெசேஜைத் திறந்த நொடியில் பிரவுசரும் பின்னால் போய்விடுகிறது. திரும்பி வந்தால் பக்கத்தை மறுபடி இறக்க வேண்டியதுதான். தட்டி வைத்தது பல நேரம் போய்விடும். பிரவுசரின் வேகத்தை அளக்கும் ஸ்பீடோமீட்டர் மாதிரி சோதனைகளில் வாங்கும் மார்க்கில் இந்த வலி தெரியாது.

அதே போனில் சில நாள் பிரவுசர்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஓபரா மினியின் எக்ஸ்ட்ரீம் முறையில் பக்கத்தை அவர்கள் சர்வரே சுருக்கி அனுப்புகிறது. மஞ்சு நாளில் செய்தி படிக்க அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பக்கம் நடுவில் இன்னொரு சர்வர் வழியாக வருவதால் வங்கி வேலைக்கு அந்த முறை வேண்டவே வேண்டாம். படிவங்களும் அதில் தடுமாறும். ஃபயர்பாக்ஸ் திறக்கக் கொஞ்சம் சுணங்கியது. ஆனால் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போட்டு விளம்பரங்களை நிறுத்திய பிறகு, செய்தித் தளங்கள் பாரம் இறங்கின மாதிரி ஓடின. படிவத்துக்குக் குரோம்தான் பொருந்துகிறது. ஒரே டேப், மற்ற ஆப் எல்லாம் மூடியிருக்க வேண்டும்.

2005இல் வந்த நோக்கியா 770 கையடக்கக் கருவியில் ரேம் 64 எம்பிதான். அதில் இணையம் பார்த்தோம். இன்று 2 ஜிபியில் ஒரு படிவம் நிற்கவில்லை என்றால், பாரத்தை ஏற்றியது பக்கம் செய்தவர்கள்தான். தட்டத் தட்டச் சேமிக்கும்படி படிவத்தைச் செய்ய முடியும். செய்கிறவர்கள் மேசையில் ஒரு 2 ஜிபி போனை வைத்துச் சோதித்துவிட்டு வெளியிடட்டும். தோட்ட வேலை விட்டு வந்து உட்காருகிறவரின் ஒரு மணி நேரம் அவ்வளவு மலிவில்லை.

இரண்டாம் முறை பெரியம்மாவை மெசேஜைத் திறக்கவே விடவில்லை. ஓடிபி வந்ததும் திரையின் மேலிருந்து விரலால் இழுத்து, நோட்டிபிகேஷனிலேயே எண்ணைப் படிக்கச் சொன்னேன். படித்தார், தட்டினார், போய்ச் சேர்ந்தது.