சுயாட்சி யாரைக் காப்பாற்றியது?

வேதாகமம் பிழையற்றது என்று மனதார நம்புகிறவன் நான். அமெரிக்காவின் மிகப்பெரிய புராட்டஸ்டன்ட் சபைக் கூட்டமைப்பான சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷனுக்குள் நடப்பதைப் பற்றி இத்தனை காலம் எழுதத் தயங்கியதற்கும் அதுவே காரணம். எழுதினால் விசுவாசத்தில் தளர்ந்துவிட்டான் என்பார்களே என்று பயந்தேன்.

1979-இல் ஹூஸ்டனில் ஏட்ரியன் ராஜர்ஸ் அதன் தலைவராகத் தேர்வானபோது, வேதாகமம் பிழையற்றது என்று வலியுறுத்தும் பழமைவாதிகள் மிதவாதிகளுக்கு எதிராகத் தொடங்கிய போராட்டத்தை நியாயமானது என்றே இன்றும் கருதுகிறேன். பெய்ஜ் பேட்டர்சனும் நீதிபதி பால் பிரஸ்லரும் வகுத்த வழி எளியது: தலைவர் பதவியைத் தொடர்ந்து கைப்பற்றிக்கொண்டே இருந்தால், நியமனங்கள் வழியாக, போதகர்களைப் பயிற்றுவிக்கும் செமினரிகளின் அறங்காவலர் குழுக்களும் காலப்போக்கில் கைக்கு வந்துவிடும். வந்தன. ஆனால் கருத்து மாறுபடுகிறவரை வேதத்தை மறுதலிப்பவர் என்று முத்திரை குத்தி ஒதுக்கும் பழக்கமும் அந்த வெற்றியோடு வேரூன்றியது. மிதவாதிகள் விலகிய பிறகும் அது ஓயவில்லை. 2021-இல் நாஷ்வில்லில் எட் லிட்டனும் மைக் ஸ்டோனும் மோதிய தேர்தலில் இருவருமே பழமைவாதிகள்தான். ஏறத்தாழ 52-க்கு 48 சதவீதம் என்று கன்வென்ஷன் இரண்டாகப் பிளந்து நின்றது.

என்னை உண்மையில் உடைத்தது வேறொன்று. பாலியல் குற்றம் புரிந்த போதகர்களின் பட்டியலைத் தொகுக்கும்படி பாதிக்கப்பட்டவர்கள் மன்றாடியபோது, ஸ்தல சபையின் சுயாட்சியை, அதாவது ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளும் உரிமையைக் காரணம் காட்டி 2008-இல் கன்வென்ஷனின் செயற்குழு மறுத்துவிட்டது. ஆனால் செயற்குழு ஊழியர் ஒருவர் அத்தகைய பட்டியல் ஒன்றைப் பல ஆண்டுகளாகத் தொகுத்து வந்தார் என்பது 2022 மே மாதம் கைட்போஸ்ட் என்ற விசாரணை நிறுவனத்தின் அறிக்கையில் வெளிவந்தது. அந்தப் பட்டியல் வெளியிடப்பட்டதும் அதன் 205 பக்கங்களையும் திறந்து பார்த்தேன். பெயர், மாநிலம், செய்தித்தாள் துணுக்கு. இடையிடையே கறுப்பு மை பூசி மறைத்த வரிகள். அதற்குமேல் வாசிக்க முடியாமல் ஜெபிக்க உட்கார்ந்தேன், ஜெபமும் வரவில்லை.

பெண்களைப் போதகர்களாக அபிஷேகம் செய்த சாடில்பேக் சபையின் விஷயத்திலோ அதே சுயாட்சி குறுக்கே நிற்கவில்லை. 2023-இல் நியூ ஆர்லியன்ஸில் அந்தச் சபையின் நிறுவனர் ரிக் வாரன் மைக் முன் நின்று முறையிட்டார். 1,212-க்கு எதிராக 9,437 வாக்குகளில், கன்வென்ஷனிலிருந்து அந்தச் சபையின் நீக்கம் உறுதியானது. வன்கொடுமையாளர்களைப் பணியில் வைத்திருந்த சில சபைகளும் நீக்கப்பட்டன என்பதை மறைக்க மாட்டேன். பெண்கள் போதகராவது பற்றிய உபதேசத்தில் நானும் பெரும்பான்மையோடு உடன்படுகிறவன்தான். ஆயினும், ஒரு பெண் பிரசங்க மேடையில் நிற்பதற்குக் காட்டிய கோபத்தில் பாதியையாவது, சிறுமிகளைச் சீரழித்தவர்கள் அதே மேடையில் நின்றதற்கு ஏன் காட்டவில்லை என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

2006-இல் 1 கோடியே 63 லட்சமாக இருந்த கன்வென்ஷன் உறுப்பினர் எண்ணிக்கை 2024-இல் 1 கோடியே 27 லட்சமாகக் குறைந்திருக்கிறது. ஆண்டுக் கூட்டத்தில் வாக்களித்தபடி அமைய வேண்டிய, பாலியல் குற்றவாளிகள் பற்றிய தரவுத்தளம் இப்போதைக்கு முன்னுரிமை அல்ல என்று 2025 தொடக்கத்தில் செயற்குழுத் தலைமை சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஜூனில் டாலஸில், பெண் போதகர்களைத் தடுக்கும் சட்டத்திருத்தத்தை மறுபடியும் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள்.