உழாத நிலமும் வாயு விடும்

"உழவை நிறுத்தி மூடுபயிர் விதைத்தால் மண்ணிலிருந்து பசுங்குடில் வாயுவே வெளிவராது" என்று சொல்லப்படுவது பாதி உண்மைதான். (மூடுபயிர் என்பது மண்ணை மூடிக் காக்க வளர்க்கும் பயிர்.) உழவைக் குறைப்பதால் சேரும் கரிமம் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் தங்குகிறது. அடிமண்ணையும் சேர்த்து அளந்தால் அந்த ஆதாயம் சுருங்கிவிடுவதுண்டு. அதைவிட முக்கியமானது நைட்ரஸ் ஆக்சைடு. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 273 மடங்கு வெப்பமூட்டும் இது, தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த சணப்பு போன்ற மூடுபயிர் ஈரமண்ணில் விரைந்து மட்கும்போது, அதிலும் யூரியாவை வழக்கம்போல் வீசியிருந்தால், கூடுதலாகவே வெளிப்படக்கூடும். காரைக்குடிப் பக்கத்துக் கண்மாய்ப் பாசன வயலில் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப்பயிரை மடக்கி உழுது உடனே நீரைத் தேக்கினால், காற்றில்லாச் சேற்றில் மீத்தேன் உருவாகி, கால் வைக்கும் இடமெல்லாம் குமிழி கிளம்பும் (வாடை மட்டும் மீத்தேனுடையதல்ல, கந்தக வாயுக்களுடையது). மானாவாரிச் செம்மண்ணில் கொளுஞ்சி என்ற பசுந்தாள் பயிரை விதைப்பது வேறு கதை. நீர் தேங்காத அந்த நிலத்தில் மீத்தேனைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.