காலி நிலம் கிடைக்கிறது என்பதற்காக அங்கே வளாகம் கட்டாதீர்கள்

புதிதாக ஒரு பல்கலைக்கழக வளாகம் எங்கே வரவேண்டும் என்று பேச்சு எடுத்தாலே "எத்தனை ஏக்கர் கிடைக்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள், யாரால் நடந்தே வந்து சேர முடியும், ராத்திரி பத்து மணிக்கு ஆய்வகத்தை விட்டு வெளியே வருகிற பெண் எப்படி வீட்டுக்குப் போவாள், இதெல்லாம் நாலாவது ஐந்தாவது கேள்வியாகக்கூட வருவதில்லை. நான் நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் குடியிருக்கிறேன். ஆற்றுக்கு நடுவே ரூஸ்வெல்ட் தீவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப வளாகமான கார்னெல் டெக் கட்டடங்கள் எழும்பியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். அதனால் இந்த விஷயத்தில் எனக்குத் தெளிவான ஒரு கருத்து உண்டு. புது வளாகத்துக்கு நடத்திய போட்டியில் நியூயார்க் நகரம் 2011-ல் முதல் பரிசைத் தவறான பேட்டைக்குக் கொடுத்தது. சரியான இடம் புரூக்ளினில் ஜே ஸ்ட்ரீட்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008-ல் வங்கிகள் சரிந்தபோது, வால் ஸ்ட்ரீட்டை மட்டும் நம்பிக்கொண்டிருந்தால் ஊர் பிழைக்காது என்பது மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க்கின் நிர்வாகத்துக்கு உறைத்தது. கலிஃபோர்னியாவில் இருப்பதுபோல் இங்கேயும் பொறியாளர்கள் குவியவேண்டும் என்று 2010 டிசம்பரில் பல்கலைக்கழகங்களுக்கு அழைப்பு விடுத்தார்கள். 2011 ஜூலையில் போட்டி முறையாகத் தொடங்கியது. நிலம் நகரம் தரும், அடிப்படை வசதிகளுக்கு 10 கோடி டாலர் வரையும் தரும், நீங்கள் வந்து அறிவியல், பொறியியல் வளாகம் கட்டுங்கள் என்பதுதான் பேச்சு. 17 நிறுவனங்கள் சேர்ந்து 7 திட்டங்களைக் கொடுத்தன. டிசம்பர் 16-ல் ஸ்டான்ஃபோர்ட் திடீரென்று விலகிக்கொண்டது. 19-ஆம் தேதி கார்னெலும் இஸ்ரேலின் டெக்னியானும் ஜெயித்ததாக அறிவிப்பு வந்தது. அந்த இரண்டு மூன்று நாளுக்குள் கார்னெலுக்கு ஒருவர் பெயர் சொல்லாமல் 35 கோடி டாலர் கொடுத்திருந்தார், அவர் கொடைவள்ளல் சக் ஃபீனி என்பது உடனே வெளியே வந்துவிட்டது.

இப்போது நகரம் தன் கையில் இருக்கிறது என்று காட்டிய இடங்களைப் பாருங்கள். ரூஸ்வெல்ட் தீவில் கோல்ட்வாட்டர் மருத்துவமனை நின்ற இடம், துறைமுகத்துக்கு நடுவே கவர்னர்ஸ் தீவு, புரூக்ளினில் மதில் சூழ்ந்த பழைய கடற்படைத் தளம். இரண்டு தீவுகள், ஒரு மதில். கூச்சல் போட அக்கம்பக்கத்தார் யாரும் இல்லாத இடமாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரிகிறது.

அப்படிப் பொறுக்கியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகம் மேற்கு ஹார்லெமில் மன்ஹாட்டன்வில் பகுதியில் 17 ஏக்கருக்குத் திட்டம் போட்டது 2003-ல். கார் பழுது பார்க்கும் கடைகள், சேமிப்புக் கிடங்குகள், பெட்ரோல் பங்குகள் எல்லாம் இருந்த இடம் அது. பெரும்பாலானவர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். கிடங்கு நடத்திய ஒருவரும் பெட்ரோல் பங்க் வைத்திருந்த ஒரு சீக்கியக் குடும்பமும் விற்க மறுத்தார்கள். அந்தப் பகுதி சீரழிந்துவிட்டது என்று அரசு முத்திரை குத்தி நிலத்தைக் கையகப்படுத்தலாம் என்றது, வழக்கு மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் வரை போய் 2010-ல் கொலம்பியாவுக்குச் சாதகமாக முடிந்தது. பாஸ்டனில் ஹார்வர்ட் செய்தது இதைவிட மோசம். 1980-களின் கடைசியிலிருந்து வேறொரு நிறுவனத்தின் பெயரில் ஆல்ஸ்டன் பகுதியில் 52 ஏக்கர் நிலத்தைச் சத்தமில்லாமல் வாங்கிச் சேர்த்துவிட்டு, 1997-ல்தான் வாங்கியது நாங்கள்தான் என்று வெளியே சொன்னது. அப்புறம் அறிவியல் வளாகத்துக்கு அஸ்திவாரம் போட்டு, பணத்தட்டுப்பாடு வந்ததும் 2009 டிசம்பரில் வேலையை நிறுத்தினார்கள். அறிவியல் பொறியியல் கட்டடம் திறந்தது 2021-ல். நடுவில் போன வருஷங்களுக்கு ஆல்ஸ்டன் ஜனங்கள் யாரிடம் போய்க் கணக்குக் கேட்பார்கள்?

இதையெல்லாம் பார்த்த ஒரு நகர நிர்வாகம், சண்டையே வராத இடமாகப் பார்த்து வைத்தால் நல்லது என்று நினைத்தது புரிகிறது. ஆனால் சண்டை வராத இடம் என்றால் அது யாருக்கும் வேண்டாத இடம் என்று பொருள் இல்லை. பல நேரம் சண்டை போடத் தெம்பில்லாதவர்கள் இருந்த இடமாக இருக்கும். கோல்ட்வாட்டர் அப்படித்தான் இருந்தது.

1939-ல் நீண்ட நாள் நோயாளிகளுக்கென்றே திறந்த மருத்துவமனை அது. ஒவ்வொரு வார்டுக்கும் வெயிலும் ஆற்றுக்காற்றும் வரட்டும் என்று கட்டடத்தின் சிறகுகளை 'வி' வடிவில் மடக்கி, பால்கனி வைத்துக் கட்டினார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், சுவாசக் கருவியோடு வருஷக்கணக்காக வாழ்ந்தவர்கள், போக வேறு வீடு இல்லாதவர்கள் அங்கே இருந்தார்கள். 2013 கடைசியில் அதை மூடி, அவர்களில் ஒரு பகுதியினரை ஹார்லெமில் புதிதாகத் திறந்த மருத்துவமனைக்கும், மற்றவர்களைத் தீவின் வடக்கு முனையில் இருக்கும் கோலர் மருத்துவமனைக்கும் வெளி வீடுகளுக்கும் மாற்றினார்கள். வளாகம் வராவிட்டாலும் அதை மூடத்தான் போகிறோம் என்று நகரம் முன்பே சொல்லியிருந்தது உண்மை. இருக்கட்டும். ஆனால் வளாகத்துக்கான பேச்சு முழுக்க அந்த இடத்தை 'காலி இடம்' என்று சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளே ஆட்கள் படுத்திருந்தார்கள் என்பதை நான் மறக்கத் தயாரில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், பலருக்கு இது தெரியாது. அந்த மருத்துவமனைக்குள் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இயங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலேரியா மருந்துகளைச் சோதித்த குழு அங்கேதான் இருந்தது. போர் முடிந்த பிறகு பெர்னார்ட் பிராடியும் ஜூலியஸ் ஆக்சல்ராடும் அங்கே உட்கார்ந்து, அசிட்டனிலைடு என்ற பழைய வலி மருந்து உடம்புக்குள் போய் என்னவாக மாறுகிறது என்று துருவினார்கள். அது மாறுகிற பொருள்தான் வலியைக் குறைக்கிறது என்று 1948-ல் வெளியிட்டார்கள். அந்தப் பொருளின் பெயர் பாராசிட்டமால். காய்ச்சல் என்றால் நம் வீடுகளில் அம்மா எடுத்து நீட்டுகிற அதே மாத்திரை. ஆக்சல்ராட் பின்னாளில் வேறொரு ஆராய்ச்சிக்காக 1970-ல் நோபல் பரிசு வாங்கினார். ஆக, புதிதாக அறிவியலைக் கொண்டுவருகிறோம் என்று இடித்த கட்டடத்தில் ஏற்கெனவே உலகத்துக்கே பயன்பட்ட அறிவியல் நடந்திருக்கிறது. அது நடந்ததற்குக் காரணம் நிலப்பரப்பு இல்லை. பக்கத்து அறையில் நோயாளிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், கேள்விகள் அவர்களிடமிருந்து வந்தன.

சரி, தீவுக்கு வருவோம். மன்ஹாட்டனுக்கும் குயீன்ஸுக்கும் நடுவே சுமார் 3 கிலோமீட்டர் நீளத்தில் ஒல்லியாகக் கிடக்கும் தீவு. குயீன்ஸ்போரோ பாலம் அதன் தலைக்கு மேலேயே போகிறது, ஆனால் பாலத்திலிருந்து இறங்க வழி கிடையாது. காரோ லாரியோ உள்ளே வரவேண்டுமானால் குயீன்ஸ் பக்கத்துச் சின்னப் பாலம் ஒன்றுதான் வழி. கட்டுமானப் பொருளையெல்லாம் லாரியில் கொண்டுவந்தால் தீவின் ஒற்றைத் தெரு தாங்காது என்று அங்கே இருப்பவர்கள் விடாமல் கேட்டதால்தான், பெரும்பகுதியைப் படகில் ஏற்றி இறக்க கார்னெல் ஒத்துக்கொண்டது. அது குடியிருப்பவர்களின் வெற்றி. மற்றபடி மனிதர்கள் போய்வர 1976-ல் வந்த கம்பிவட வண்டி, 1989-ல் திறந்த ஒரே ஒரு சுரங்க ரயில் நிலையம், 2017-லிருந்து படகு, அவ்வளவுதான். 2023 ஆகஸ்ட் கடைசியில் தண்டவாளம் மாற்றுகிறோம் என்று அந்தப் பாதையில் வழக்கமான ரயிலை நிறுத்தினார்கள். 2024 மார்ச் முடியும்வரை 20 நிமிஷத்துக்கு ஒருமுறை ஓடிய இணைப்பு ரயில்தான் கதி. ஊரின் தொழில்நுட்ப எதிர்காலம் என்று அறிவித்த ஒரு வளாகத்தை ஒற்றை ரயில் பாதையில் தொங்கவிட்டால் இப்படித்தான் ஆகும்.

தீவுக்கு நேர் எதிரே, குயீன்ஸ் கரையில் குயீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பு இருக்கிறது. 3,100-க்கும் மேற்பட்ட வீடுகள், அமெரிக்காவிலேயே பெரிய அரசுக் குடியிருப்பு. அங்கே கரையோரப் பூங்காவில் கூடைப்பந்து ஆடுகிற பையன் தலையைத் தூக்கினால் கார்னெல் டெக்கின் கண்ணாடிக் கட்டடம் தெரியும். ரயிலில் ஒரே நிறுத்தம். ஆனாலும் அந்தப் பையன் தற்செயலாக அந்த வளாகத்து வாசலைக் கடந்து போகப்போவதே இல்லை, ஏனென்றால் அந்த வழியாக அவன் வேறு எங்கும் போகவேண்டிய தேவை இல்லை. அங்கே முதுகலையும் முனைவர் படிப்பும் மட்டும்தான், பள்ளி முடித்ததும் போய்ச் சேருகிற இடமும் இல்லை. ஒரு கல்வி நிறுவனம் கண்ணுக்குத் தெரிந்தும் காலுக்கு எட்டாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அங்கே நடக்கிற வேலையைக் குறை சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். 2013-ல் செல்சியாவில் கூகுள் கொடுத்த தளத்தில் முதல் வகுப்பு, 2017 செப்டம்பரில் தீவில் திறப்பு, 26 மாடி விடுதியை மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும்படி கட்டியது, எல்லாமே பாராட்டவேண்டியவை. கம்பெனிகளும் ஆய்வாளர்களும் ஒரே கட்டடத்தில் இருக்கவேண்டும் என்று கட்டியதற்கு டாடா கன்சல்டன்சி 5 கோடி டாலர் கொடுத்து, அது டாடா புத்தாக்க மையம் ஆனது. அப்போது அந்தக் குழுமத்தின் தலைமையில் இருந்தவர் நாமக்கல் மாவட்டம் மோகனூர்க்காரரான நடராஜன் சந்திரசேகரன். நம்மூர்ப் பெயர் சம்பந்தப்பட்டது என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். என் சண்டை இடத்தோடு மட்டும்.

அப்படியானால் எது சரியான பேட்டை? புரூக்ளின் டவுன்டவுன். 370 ஜே ஸ்ட்ரீட் என்று ஒரு கட்டடம், 1951-ல் நகரப் போக்குவரத்துத் துறைக்காகக் கட்டியது. ரயில் நிலையங்களில் சேருகிற டோக்கனையும் சில்லறையையும் தனி ரயிலில் ஏற்றி, சுரங்கத்திலேயே இந்தக் கட்டடத்தின் அடிக்குக் கொண்டுவந்து எண்ணுவார்கள். அந்தப் பண ரயில் 2006 வரை ஓடியது. துறை படிப்படியாகக் காலி செய்தபிறகு சாரம் கட்டி, இருட்டடைந்து, வருஷக்கணக்காக அந்தத் தெருவுக்கே ஒரு திருஷ்டியாக நின்றது. அதே 2011 போட்டியில் நியூயார்க் பல்கலைக்கழகம் நகரம் காட்டிய இடங்களை விட்டுவிட்டு இந்தக் கட்டடத்தைக் கேட்டது. முதல் பரிசு கிடைக்கவில்லை, 2012 ஏப்ரலில் இரண்டாவதாக ஒப்புதல் கிடைத்தது. உள்ளே பிரித்துப்போட்டுப் புதிதாகக் கட்டி, இப்போது பொறியியலும் இசைத் தொழில்நுட்பமும் கணினி விளையாட்டு வடிவமைப்பும் ஒரே கூரையின்கீழ் நடக்கின்றன. எதிரிலேயே அவர்களுடைய டாண்டன் பொறியியல் பள்ளி, 1854-ல் தொடங்கிய பழைய பாலிடெக்னிக்தான் அது. பெயரில் இருக்கும் சந்திரிகா டாண்டன் சென்னையில் பிறந்து மெட்ராஸ் கிறிஸ்டியன் கல்லூரியில் படித்தவர்.

அந்தத் தெருவில் ஒரு வேலைநாள் காலை போய் நின்று பாருங்கள். கட்டடத்துக்கு அடியிலேயே ஏ, சி, எஃப், ஆர் என நாலு பாதைகள் சேரும் நிலையம். படிக்கட்டில் ஏறி வருகிறவர்களில் பாதிப் பேர் பையோடு வரும் மாணவர்கள், அதே ஜே ஸ்ட்ரீட்டில் இருக்கும் சிட்டி டெக் என்ற அரசுக் கல்லூரிக்குப் போகிறவர்கள், வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற வீட்டுப் பிள்ளைகள். கக்கத்தில் கோப்புக்கட்டோடு நீதிமன்றத்துக்கு ஓடுகிறவர்கள், தள்ளுவண்டியில் முட்டையும் ரொட்டியும் வாங்க வரிசையில் நிற்பவர்கள், ஃபுல்டன் தெருக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். இவ்வளவு பேரும் தினமும் ஆய்வகத்தின் கண்ணாடிக் கதவைக் கடந்துதான் போகிறார்கள். சிட்டி டெக்கில் மின்னியல் படிக்கிற ஒரு பெண் அங்கே பகுதிநேர வேலை கேட்க வேண்டுமென்றால் தெருவைத் தாண்டினால் போதும். வளாகத்தை ஊருக்குள் வைப்பதால் கிடைக்கிற லாபம் இதுதான், இதை எந்த ஏக்கர் கணக்கிலும் கொண்டுவர முடியாது.

வாடகை ஏறிவிடும் என்று பின்னூட்டத்தில் சொல்லப்போகிறீர்கள், தெரியும். ஏறும். 2004-ல் கட்டட விதிகளை மாற்றியதிலிருந்தே அங்கே கோபுரங்கள் முளைத்து வாடகை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு வளாகத்தைத் தீவுக்கு அனுப்புவது மருந்தாகாது. நிலமும் பணமும் பொதுச்சொத்தாகக் கொடுக்கும்போதே நிபந்தனை போடவேண்டும். மன்ஹாட்டன்வில்லில் மக்கள் போராடித்தான், கொலம்பியா அந்தப் பகுதிக்கு 15 கோடி டாலர் தரும் என்ற உடன்படிக்கையை 2009-ல் வாங்கினார்கள். அதை நகரமே முதல் நாளில் கேட்டு வாங்கியிருக்கவேண்டும். வீட்டு வாடகை உதவி, அருகிலுள்ள அரசுப் பள்ளிகளுக்கு ஆய்வக நேரம், காவல், துப்புரவு, சமையல் வேலைகளில் பேட்டைக்காரர்களுக்கு முன்னுரிமை, எல்லாம் எழுத்தில் வேண்டும்.

இந்தப் பேச்சை இப்போது எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2011-ல் கழித்துவிட்ட கவர்னர்ஸ் தீவு மறுபடி வந்துவிட்டது. 2023-ல் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் தலைமையிலான குழுவுக்குப் பருவநிலை ஆராய்ச்சி மையம் கட்டக் கொடுத்திருக்கிறார்கள். படகில் மட்டுமே போகக்கூடிய இடம். கடல் மட்டத்தைப் படிக்கத் தண்ணீர் ஓரம் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது, அதனால் இதை முழுக்க எதிர்க்க மாட்டேன். ஆனால் ராத்திரிப் பணிக்கு வருகிறவருக்கும் மாலை வகுப்புக்கு வரும் கல்லூரிப் பிள்ளைக்கும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு, கட்டணம் யார் தருவது என்பதை அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். அடுத்து எந்தப் பல்கலைக்கழகம் இடம் கேட்டு வந்தாலும் தீவுப் படத்தை விரிக்காமல், கொரோனாவுக்குப் பிறகு ஆளில்லாமல் கிடக்கும் அலுவலகக் கட்டடங்களில் ரயில் நிலையத்துக்கு மேலேயே இருப்பவை எவை என்ற பட்டியலை நகரம் முதலில் மேசைமேல் வைக்கட்டும். குயீன்ஸில் ஜமைக்கா என்ற பகுதி இருக்கிறது, பிராங்க்ஸில் ஃபோர்டாம் ரோடு இருக்கிறது. குயீன்ஸ், பிராங்க்ஸ் நண்பர்கள் உங்கள் கவுன்சில் உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள், நான் என்னுடையவருக்கு எழுதிவிட்டேன்.