காரவனில் ஏசி இருக்கிறது என்று நாயை உள்ளே பூட்டிவிட்டுப் போகாதீர்கள்

மும்பையில் நாய் வளர்க்கிறவர்களுக்கு லீவு வந்தாலே தலைவலி. ரயில் என்றால் ஃபர்ஸ்ட் ஏசியில் ஒரு கூப்பே முழுசாகக் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்டு வேன் பெட்டியில் அடைக்க வேண்டும். அதனால் படுக்கையும் சமையலும் உள்ளேயே இருக்கும் காரவனை வாடகைக்கு எடுத்துக் கொங்கன் கரையோரமாக நிதானமாகப் போகலாம் என்று நினைப்பது நல்ல யோசனைதான். ஆனால் வண்டி கொடுப்பவர் "ஏசி ஓடும் சார், நாயை விட்டுட்டு நீங்க நிம்மதியா சாப்பிட்டு வாங்க" என்பார். அதை மட்டும் நம்பவே நம்பாதீர்கள்.

வண்டி நிற்கும்போது ஏசி பேட்டரியில்தான் ஓடும். கணக்கு போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட். பேட்டரி கெடாமல் எடுக்க முடிவது அதில் பாதி. ஒரு டன் ஏசி சுமார் ஒரு கிலோவாட், அதாவது மணிக்கு ஒரு யூனிட் இழுக்கும். ஆக, ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. லித்தியம் என்றால் கொஞ்சம் கூடுதலாக ஓடும், அவ்வளவுதான். சார்ஜ் இறங்கியதும் இன்வெர்ட்டர் கட் ஆகும், ஏசியும் ஃபேனும் சேர்ந்தே நிற்கும். ஜன்னல்களோ சாத்தியிருக்கும். வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி ஏறிவிடும். ஹோட்டலில் சாப்பிடுகிற உங்களுக்கு இது தெரியப்போவதில்லை. ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் நாயோடு இருங்கள், வேறு வழி இல்லை.

கரையோரத்தில் சூட்டைவிட ஈரப்பதம்தான் மோசம். நாய் மூச்சிரைத்து, நாக்கு ஈரம் காய்ந்துதான் உடம்பைக் குளிர்விக்கிறது. காற்றே ஈரமாக இருந்தால் அது காயாது. அதனால் 32 டிகிரி என்றாலும் அலட்சியம் வேண்டாம். பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு மார்ச்சுக்குப் பிறகு இந்தப் பயணமே வேண்டாம், நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். எச்சில் கெட்டியாக நூல்போல் வழிந்து, ஈறு செக்கச்செவேலென்று ஆகி, நடை தள்ளாடினால் உடனே வயிறு, தொடையிடுக்கு, பாதம் எல்லாம் தண்ணீர் ஊற்றி ஃபேன் காற்று படவிட்டு, டாக்டரிடம் ஓடுங்கள். ஈரத்துண்டு போர்த்தாதீர்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும்.

வழி இதுதான்: மும்பையின் பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து வண்டியோடு ரோ-ரோ கப்பலில் மாண்டவா, அங்கிருந்து அலிபாக், முருட். அகர்தண்டாவில் ஃபெர்ரி ஏறித் திகி, பிறகு ஹரிஹரேஷ்வர். பாக்மாண்ட்லா-வேஷ்வி ஃபெர்ரி, அடுத்து தாபோள்-தோப்பாவே ஃபெர்ரி, குஹாகர், தவ்சாள்-ஜய்கட் ஃபெர்ரி, கடைசியில் கணபதிபுளே. ஒரு நாளுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். சாலை வளைந்து வளைந்து போகும், வாந்தி எடுக்கும் நாய்க்குக் கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். ஓடும்போது ஹார்னஸ் போட்டு, சீட் பெல்ட்டோடு மாட்டுங்கள். கழுத்துப் பட்டையில் மாட்டினால் பிரேக் போடும்போது கழுத்துதான் இழுபடும்.

சின்ன ஃபெர்ரிகளில் பிரச்சினை ஏறும் இடத்தில். கடல் நன்றாக வற்றியிருக்கும்போது ஜெட்டிச் சரிவு செங்குத்தாகிவிடும். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டு நிற்கும் காரவனின் வால்பக்கமும் ஏறும் படிக்கட்டும் சிமென்ட்டில் தேயும். தண்ணீர் பாதிக்கு மேல் ஏறியிருக்கும்போது போங்கள். கடல் ஏற்றம் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வரும், நாளுக்கு நாள் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஜெட்டியில் மராத்தியில் "பர்த்தி கதீ?" (ஏற்றம் எப்போது?) என்று கேட்டாலே நேரம் சொல்லிவிடுவார்கள். வண்டியை மணலில் மட்டும் இறக்காதீர்கள். மூன்று டன் புதைந்தபின் டிராக்டர் வருவதற்குள் கடல் வந்துவிடும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் தண்ணீர் வழக்கத்தைவிட மேலே ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் நூறு லிட்டர்தான். 25 கிலோ லாப்ரடார் சாதாரணமாக ஒன்றரை லிட்டர் குடிக்கும், கடற்கரையில் அது இரண்டு மடங்காகும். நடக்கப் போகும்போதே குடிதண்ணீரைக் கையில் கொண்டுபோங்கள். தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் வயிற்றுப்போக்கு, வாந்தி. உப்பைக் கழுவ ஒரு தடவைக்கு ஏழெட்டு லிட்டர். விரலிடுக்கு மணலை எடுத்துவிட்டுக் காதைத் துடைத்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் நான்காம் நாள் காதைச் சொறிய ஆரம்பிக்கும்.

மீன்பிடி ஊர்களின் மணலில் நாயை அவிழ்த்து விடாதீர்கள். அங்கே தூண்டில் முள், அறுந்த தூண்டில் நரம்பு எல்லாம் கிடக்கும். வலையிலிருந்து எடுத்து வீசிய, பந்துபோல் உப்பும் பேத்தை மீனும் கிடக்கலாம். அதன் விஷத்துக்கு மாற்று மருந்தே இல்லை, காய்ந்தாலும் விஷம் போகாது. ஊர் நாய்களுக்கு அது அவற்றின் இடம், கயிறு கையிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. காரவனில் சமைக்கிற எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில்தான் தேங்கும், நாய் படுப்பதும் தரையில்தான். இரவில் ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். கசிவு அலாரம் தரையை ஒட்டி இருக்கிறதா என்று வண்டி எடுக்கும்போதே பாருங்கள், மேலே மாட்டியிருந்தால் பயனில்லை.

தாலுகா ஊர் கால்நடை மருத்துவமனைகளில் வருவது பெரும்பாலும் மாடும் ஆடும்தான். அதனால் தடுப்பூசி அட்டை, உண்ணி மருந்து, உங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்த வாந்தி மாத்திரை எல்லாம் மும்பையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வலிக்கிறதே என்று உங்கள் பையில் இருக்கும் இபுபுரூஃபனை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், அது நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.