85 கற்களில் ஒன்றை மட்டும் பார்க்கிறோம்

இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லைக்கு அருகே, ஹெரிஃபோர்டுஷயரைச் சேர்ந்த சிற்றூர் கில்பெக். அதன் பங்கு ஆலயத்தைப் பற்றி யார் எழுதினாலும், ஷீலா நா கிக் எனப்படும் பெண்ணுருவத்தின் படமே முன்னால் வந்து நிற்கிறது. தன் பிறப்புறுப்பை இரு கைகளாலும் விரித்துக் காட்டும் அச்சிற்பம் வியப்பூட்டுவது உண்மைதான். ஆனாலும் அதை மட்டும் தனியே கத்தரித்துப் பகிர்வது அந்த ஆலயத்துக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

1134இல் அவ்வூரின் நார்மானியப் பிரபு ஹியூ, அங்கிருந்த தேவாலயத்தைக் குளோஸ்டர் மடத்துக்கு வழங்கினார். இன்றுள்ள கட்டடம் 1140ஐ ஒட்டி எழுந்தது. மக்கள் கூடும் நடுக்கூடம், குருக்களுக்குரிய பகுதி, கிழக்குக் கோடியில் அரைவட்ட அறை என மூன்றே பகுதிகள்; கோபுரம் இல்லை. மேற்கே, பிரபுவின் கோட்டை நின்ற மண்மேடு இன்னும் இருக்கிறது.

இவ்வளவு எளிய கட்டடத்தின் கூரை விளிம்பைச் சுற்றிலும், சுவரிலிருந்து நீண்டு கூரையைத் தாங்கும் சிற்பம் செதுக்கிய 85 தாங்குகற்கள் எஞ்சியுள்ளன. அருகருகே ஒட்டி நிற்கும் நாயும் முயலும், இசைக்கருவி வாசிப்பவர், பன்றி, பறவைகள், பெயரிட முடியாத விலங்குகள் என நீளும் அந்த வரிசையில் ஒருத்திதான் ஷீலா. அந்த வரிசையில் வைத்துப் பார்க்கும்போதுதான் அவள் யார் என்ற கேள்வியே சரியாக எழுகிறது; கருவளத்தின் அடையாளம் என்றும், காமத்துக்கு எதிரான எச்சரிக்கை என்றும், தீமையை விரட்டும் காவல் என்றும் அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

தெற்கு வாசலோ இன்னும் பெரிய அற்புதம். நிலைக்கு மேலே கொடிபோல் கிளைத்த மரம். வளைவில் அடுக்கடுக்காய் விலங்குத் தலைகள். இடப்பக்கத் தூணில், கொடிகளுக்கிடையே சிக்கியவர்போல் இரண்டு வீரர்கள். ஏறத்தாழ 900 ஆண்டுகளைக் கடந்து வந்த செம்மணற்கல்லில் அவர்களுடைய உடையின் மடிப்புகள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. செதுக்கியவர்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் ஷாப்டன், எர்டிஸ்லி முதலிய அண்டை ஊர்களின் சிற்பங்களிலும் இதே கைவரிசையை அடையாளம் கண்டு, 'ஹெரிஃபோர்டுஷயர் சிற்ப மரபு' என்று பிற்காலத்தார் பெயரிட்டனர்.

வாசலைக் கடந்து உள்ளே சென்றால் அந்த ஆரவாரம் அடங்கிவிடுகிறது. குருக்களின் பகுதிக்குச் செல்லும் வளைவின் இருபுறமும், ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக, பக்கத்துக்கு மூன்று புனிதர்கள் அமைதியாக நிற்கிறார்கள். வெளிச்சுவரின் விலங்குகளையும் இந்தப் புனிதர்களையும் ஒரே ஆலயத்தில் ஒன்றாக வைக்க அந்தச் சிற்பிகள் தயங்கவில்லை. நாம்தான் அவற்றைப் பிரித்துப் பார்க்கிறோம்.