பிராணாயாமமும் ஆக்ஸிஜன் கணக்கும்

பிராணாயாமம் செய்தால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் இரண்டு மடங்காகும், மனதின் ஆற்றல் திறக்க அதுவே காரணம் என்று ஒரு பதிவு சொல்கிறது. அது சரியல்ல. நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கு ஆக்ஸிஜன் அளவு சாதாரணமாகவே 95 முதல் 100 சதவீதம் இருக்கும். இரட்டிப்பாக இடமே இல்லை.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் வீட்டில் இருக்கிறதா? விரலில் மாட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள் (நகப்பூச்சு இருந்தால் துடைத்துவிடுங்கள்). அப்புறம் பத்து நிமிடம் நாடி சுத்தி (இரு மூக்குத் துவாரங்களிலும் மாறி மாறி மூச்சு விடும் பிராணாயாமம்) செய்துவிட்டு மறுபடி பாருங்கள். எனக்கு 97, பிறகு 98. அவ்வளவுதான். ஆனால் பக்கத்திலேயே தெரியும் நாடித்துடிப்பு 82லிருந்து 71க்கு இறங்கியிருந்தது. மூச்சை மெதுவாக, நீளமாக விடும்போது மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பு இதயத்தை நிதானப்படுத்துகிறது. தினமும் செய்கிறவள் என்பதால் சொல்கிறேன், அந்த அமைதி நிஜம்.