அரியாங்குப்பம் வரைக்கும் பாடம் நடத்தக் கூடாதாம்!

நேற்று நம் வாத்தியார்கள் குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வேலையை விட்ட ஒரு தம்பிக்கு அவனுடைய பழைய டியூஷன் சென்டர் அனுப்பிய வக்கீல் நோட்டீஸைப் படம் எடுத்துப் போட்டு, கீழே “உண்ட வீட்டுக்கு ரெண்டகம்” என்று ஒரு வரி. அதற்குப் பதினேழு பேர் கும்பிடு போட்டிருக்கிறார்கள். அந்தத் தம்பி அப்படி என்ன செய்துவிட்டான்? கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாலு வருஷம் இயற்பியல் நடத்தினான், முறைப்படி சொல்லிவிட்டு விலகினான், செம்மண்டலத்தில் வேறு சென்டரில் சேர்ந்தான். அவ்வளவுதான்.

சேரும்போது போட்ட ஒப்பந்தப்படி, விலகிய பிறகு இரண்டு வருஷத்துக்கு 20 கிலோமீட்டர் சுற்றளவில் எங்கும் பாடம் நடத்தக் கூடாதாம். நெல்லிக்குப்பம் போச்சு, மாநிலம் தாண்டிப் புதுச்சேரியில் பாகூர் போச்சு, அரியாங்குப்பமும் போச்சு. கிழக்கே கடல். மீன்களுக்கு வேண்டுமானால் நடத்தலாம்.

வேலையை விட்ட பிறகு இந்த ஷரத்து செல்லாது. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27. ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. கடையை நற்பெயரோடு சேர்த்து விற்றவரை மட்டும் அப்படித் தடுக்கலாம், அதுதான் விதிவிலக்கு. தம்பி எந்தக் கடையை விற்றான்?

இவ்வளவு உறுதியாகப் பேசும் நான் 2018இல் என்ன செய்தேன் தெரியுமா? பயந்தேன். நானும் இதே போல முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டவன்தான். மதிப்பெண் பட்டியலையும் “சும்மா இருக்கட்டும்” என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். விலகியதும் நோட்டீஸ்கூட வரவில்லை, ஒரு போன்தான். பதினோரு மாதம் லாரன்ஸ் ரோட்டில் மாமாவின் ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பழைய மாணவன் அப்பாவோடு குழாய் வாங்க வந்தான். “சார், நீங்க இங்கயா?” என்றான். அப்புறம் தயங்கித் தயங்கி ஒரு சந்தேகம் கேட்டான், எறிபொருள் இயக்கத்தில். பில் புக்கின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினேன். முடித்த கையோடு வாசலைத்தான் பார்த்தேன், யாராவது பார்த்துவிட்டார்களோ என்று. சொந்த ஊரில், படித்த படிப்பை ஒரு பையனுக்குச் சொல்லிக் கொடுத்ததற்கு!

“கையெழுத்துப் போட்டது நீதானே?” என்று வருவீர்கள். ஆமாம், போட்டேன். செல்லாத காசை இரண்டு கையால் வாங்கினாலும் அது செல்லாத காசுதான். கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானும்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவரைக் கட்டிப்போடப் பார்த்த மேலாண்மை நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2006இல் தோற்றது. வேலையில் இருக்கும்போது போட்டி சென்டரில் நடத்தாதே என்றால் நியாயம், சட்டமும் அதை ஏற்கும். விட்ட பிறகு? செல்லாது.

“நோட்ஸைத் திருடினால்?” திருடினால் வழக்குப் போடுங்கள், நானே சாட்சிக்கு வருகிறேன். பெற்றோர் போன் நம்பர்களை அள்ளிக்கொண்டு போவதும் தப்புதான். ஆனால் நியூட்டன் விதி உங்கள் நோட்ஸ் இல்லை. “பயிற்சி கொடுத்தோமே” என்கிறார் ஒருவர். மூன்று வருஷத்துக்குள் வேலையை விட்டால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற ஒரு வங்கியின் வேலை ஒப்பந்தத்தை (பாண்ட்) உச்ச நீதிமன்றம் 2025இல் ஏற்றது உண்மைதான். அது பாதியில் விட்டுப் போவதற்கான பணம், வேறு இடத்தில் வேலை செய்யாதே என்ற தடை இல்லை. அதுபோக, என்ன பயிற்சி கொடுத்தீர்கள்? முதல் நாள் சாக்பீஸ் டப்பாவைக் கையில் கொடுத்து “ரெண்டாவது மாடி, இடது பக்கம்” என்றீர்கள்.

உண்ட வீடாம். மே மாதம் வகுப்பு இல்லை என்று சம்பளமே தராத வீடு. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளுக்கும் பிடித்தம் செய்த வீடு. அப்போதும் அந்த வீட்டு முதலாளியான உங்களை நான் ‘அண்ணன்’ என்றுதான் கூப்பிட்டேன். அந்தப் பதினேழு கும்பிடுகளில் உங்களுடையதும் ஒன்று.

இதைப் படிப்பீர்கள் என்று தெரியும், அண்ணே. என் எம்.எஸ்சி. மதிப்பெண் பட்டியல் இன்னும் உங்கள் மேசையில், இடது பக்க டிராயரில்தான் இருக்கிறது. தம்பிக்கு நோட்டீஸ் அனுப்பிய வக்கீலிடமே கொடுத்தனுப்பினாலும் சரி, வாங்கிக்கொள்கிறேன்.